கழிவுநீர்க் கசடுக்கு யார் காவல்?

நியூவாட்டர் பற்றிக் கேட்டால் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகூட நாலு வரி சொல்லும். 2003ல் வந்தது, பயன்படுத்திய நீரையே மறுபடி சுத்திகரித்து எடுப்பது, பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போவது என்று. அந்த நீரிலிருந்து பிரித்தெடுத்த கசடு எங்கே போகிறது என்று கேட்டுப் பாருங்கள், பெரியவர்களுக்கே பதில் வராது. இத்தனை காலம் அது யார் கண்ணிலும் படாமல், யார் மூக்கையும் உறுத்தாமல் போய்க்கொண்டிருந்ததால் கேட்கவேண்டிய தேவை எழவில்லை.

இப்போது எழுகிறது. துவாசில் நாளொன்றுக்கு 800 டன் கசடை எரிக்கும் கொள்ளளவோடு ஒரு நிலையம் உருவாகிக்கொண்டிருக்கிறது. எரித்தபின் மிஞ்சும் சாம்பலுக்கு இருக்கும் ஒரே இடமான செமாக்காவ் குப்பைத் தளம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்லிவருகிறது. சாம்பலைப் புதைக்காமல் சாலை போடப் பயன்படுத்தலாமா என்ற சோதனைகளும் நடந்திருக்கின்றன. கசடு, சாம்பல் உருவில் மறுபடி நம் காலடிக்கு வரும் என்றால், அதில் என்ன இருக்கிறது, அதை யார் சோதிக்கிறார்கள், எந்தச் சட்டத்தின்கீழ் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலில் பொருளைப் பார்ப்போம். நம் வீடுகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் போகும் கழிவுநீரில் 99 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். சுத்திகரிப்பு நிலையத்தின் முதல் தொட்டியில் கனமானவை அடியில் படிகின்றன. அடுத்த தொட்டியில் காற்றை ஊதி நுண்ணுயிர்களை வளர்க்கிறார்கள். கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று அவை பெருகும்; பெருகியதில் உபரியை அவ்வப்போது எடுத்தாக வேண்டும். படிந்ததும் உபரியும் சேர்ந்ததுதான் கசடு. அந்த நிலையில் அதில் நூற்றுக்கு நாலைந்து பங்குகூடத் திடப்பொருள் இருக்காது, பம்பு வைத்துத் தள்ளிவிடலாம். பிறகு காற்றுப் புகாத பெரிய தொட்டிகளில், சுமார் 35 டிகிரி செல்சியஸில், இருபது முப்பது நாள் செரிக்க விடுகிறார்கள். அதில் வரும் மீத்தேன் வாயுவை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். செரித்து முடிந்ததைச் சுழல் இயந்திரத்தில் போட்டு நீரைப் பிரித்தால், ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ திடப்பொருளாக உள்ள கறுப்புப் பிண்டம் வெளியே விழும். கையுறையோடு எடுத்துப் பிசைந்தால் காப்பிச் சக்கைபோல் உதிரும். வாடையும் நாம் எதிர்பார்க்கிற வாடையாக இருக்காது. தார் கலந்த ஈர மண்ணின் வாடை அடிக்கும்.

இந்தக் கறுப்புப் பிண்டத்தில் பயிருக்கு வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரசும் இருக்கின்றன. கூடவே நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் உலோகங்களும் எளிதில் சிதையாத வேதிப்பொருள்களும் இருக்கின்றன. நீரைச் சுத்தமாக்குவது என்றால் அதிலிருந்த வேண்டாதவற்றில் பெரும்பகுதியைக் கசடுக்குள் தள்ளுவது என்றே பொருள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 80 கோடி லிட்டர் கழிவுநீர் வரும் ஆலையில் ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்க அளவு. ஆனால் ஒரு நாளில் அது 800 கிராம். அன்றைய கசடில் உலர்ந்த திடப்பொருள் 200 டன் என்று கொண்டால், காட்மியம் முழுவதும் அதில் ஒட்டிக்கொள்ளும்போது கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. நீரில் இருந்ததைவிட 4,000 மடங்கு அடர்த்தி. அந்தக் கசடை எரித்து மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக்கினால் அடர்த்தி இன்னும் மூன்று மடங்கு ஏறும். தீயில் கிருமி சாகும், உலோகம் சாகாது.

மற்ற நாடுகள் கசடை ஒழுங்குபடுத்தத் தொடங்கியது வயலை மனத்தில் வைத்து. ஐரோப்பாவில் 1986ல் வந்த வழிகாட்டு ஆணை, விவசாய நிலத்தில் கொட்டும் கசடில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு வைத்தது. அமெரிக்காவில் 1993ல் வந்த விதிகள் கசடை 'ஏ' வகை, 'பி' வகை என்று பிரித்தன. 'ஏ' வகையில் மலக் கோலிஃபார்ம் கிருமிகள் ஒரு கிராம் உலர்கசடுக்கு 1,000க்குக் கீழே இருக்கவேண்டும். அப்படியானால் மூட்டை கட்டிப் பொதுமக்களுக்கே விற்கலாம். 'பி' வகை என்றால் கொட்டிய நிலத்தில் இத்தனை காலம் ஆள் நடக்கக்கூடாது, மாடு மேயக்கூடாது என்று நிபந்தனை. கடலில் கொட்டும் வழக்கமும் இருந்தது. நியூயார்க் நகரம் 1992 வரை அதைத்தான் செய்தது, ஐரோப்பிய ஒன்றியம் 1998 இறுதியில் நிறுத்தியது. கடலில் கொட்டக்கூடியவற்றின் பட்டியலிலிருந்து கழிவுநீர்க் கசடை நீக்க லண்டன் நெறிமுறை நாடுகள் ஒப்புக்கொண்டது 2022ல்தான்! வயலும் இப்போது சந்தேகத்துக்குள்ளாகிவிட்டது. சுவிட்சர்லாந்து 2006ல் கசடு உரத்தைத் தடை செய்தது. பிஃபாஸ் எனப்படும் நிலைத்த வேதிப்பொருள்களுக்கு அஞ்சி அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022ல் தடை செய்தது.

சிங்கப்பூருக்கு அந்தத் தலைவலி வந்ததே இல்லை, கொட்டுவதற்கு வயல் இல்லை என்பதால். முன்பு ஒரு காலத்தில் வாளிக் கழிவறைகளின் மலம் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாகப் போனதுண்டு. அந்த வாளி முறை 1987ல் முடிவுக்கு வந்தது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நகராட்சிகள் தத்தம் கசடை ஒப்பந்தக்காரர்களிடம் கொடுக்கின்றன, அவர்கள் பண்ணையாரிடம் கொடுக்கிறார்கள். கை மாற மாறக் கண்காணிப்பு தேவைப்படுகிறது. இங்கே சாங்கி, கிராஞ்சி, ஜூரோங், உலு பாண்டான் ஆகிய நிலையங்கள் எல்லாமே அரசாங்கத்தின் நீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தினுடையவை. கசடுக்கு ஒரே முதலாளி. எனவே கசடின் தரத்தை வரையறுக்கும் தனிச் சட்டம் ஒன்றை இயற்றாமலே நாடு சமாளித்துவந்திருக்கிறது. கசடு உருவாவதற்கு முன்னால் ஒரு சட்டம், அது அழிந்தபின் இன்னொரு சட்டம் என்று இரண்டு முனையிலும் காவல் போட்டிருக்கிறார்கள்.

என் கணிப்பில், இதில் முதல் முனைதான் உயிர். 1999ஆம் ஆண்டின் கழிவுநீர், வடிகால் சட்டமும் அதன்கீழ் வந்த தொழிற்கழிவுநீர் விதிகளும் பொதுக் கழிவுநீர்க் குழாய்க்குள் எதை விடலாம் என்று சொல்கின்றன. காட்மியம் லிட்டருக்கு 1 மில்லிகிராம், பாதரசம் 0.5, ஈயம் 5 என்பவை உச்ச வரம்புகள். வெப்பம் 45 டிகிரியைத் தாண்டக்கூடாது. இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சோடா தொழிற்சாலை, சாஸ் தொழிற்சாலை போன்றவற்றின் கழிவுநீரில் மக்கக்கூடிய அழுக்கு அதிகம். அந்த அழுக்கை அளக்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு வரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம். அதை மீறினாலும், அனுமதி பெற்று, கூடுதல் கட்டணம் செலுத்தி, ஓர் எல்லைவரை குழாயில் விட்டுக்கொள்ளலாம், நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும் என்பதால். உலோகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பணம் கட்டினாலும் காட்மியம் காட்மியம்தான். சாக்கடைக் குழாய்களில் ஆவியாகும் கரைப்பான்களை மோப்பம் பிடிக்கும் உணர்கருவிகளைப் பொருத்தி, நள்ளிரவில் திறந்துவிட்டுக் காலையில் கை கழுவும் வேலையையும் கழகம் கண்டுபிடிக்கிறது. பிடிபட்டவர்கள் நீதிமன்றத்தில் அபராதம் கட்டிய செய்திகளை அவ்வப்போது நாளிதழில் பார்க்கலாம்.

இந்த முனையில் நம் கண்ணெதிரே நடப்பதும் ஒன்று இருக்கிறது. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் உணவகங்களின் பின்சந்தில் தரையோடு பதித்த இரும்பு மூடிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சில சமையல் கொழுப்பைத் தடுக்கும் தொட்டிகளின் மூடிகள். நெய்யும் எண்ணெயும் அங்கே மிதந்து தங்கும், கீழே இருக்கும் நீர்மட்டும் குழாய்க்குப் போகும். தங்கியதை உறிஞ்சு லாரி வந்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். அந்த லாரிக்காரரிடம் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் 'சி' வகைக் கழிவு அகற்றும் உரிமம் இருந்தாக வேண்டும். கொழுப்புத் தொட்டி, மலத்தொட்டி, நடமாடும் கழிவறை, கப்பல், விமானம் என்று குழாய்க்கு வெளியே உருவாகும் கசடுகள் எல்லாம் இந்த ஒரே வகைக்குள் அடங்குகின்றன. அள்ளியதை அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான் இறக்கவேண்டும். வண்டியிலிருந்து கண்ட இடத்தில் கொட்டினால் 50,000 வெள்ளிவரை அபராதம், ஓராண்டுவரை சிறை, வண்டியும் பறிபோகலாம். கொழுப்புத் தொட்டியை மாதக்கணக்கில் திறக்காமல் விட்டுவிட்டு, மழைநாளில் சமையலறைக்குள் நாற்றம் ஏறியபிறகு லாரியைக் கூப்பிடுகிற கடைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை.

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். தமிழ்நாட்டில் கசடுச் சிக்கல் பெரும்பாலும் மலத்தொட்டிச் சிக்கல். இரவில் ஏரிக்கரையிலோ மழைநீர் ஓடையிலோ வால்வைத் திறந்துவிட்டுப் போகும் லாரிகளைக் கட்டுப்படுத்தத்தான் மாநில அரசு 2014ல் நெறிமுறை வகுத்தது, கருங்குழி போன்ற சிற்றூர்களில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்களும் அமைந்தன. இங்கே வீடுகள் அனைத்தும் குழாயில் இணைந்திருப்பதால் லாரிக்கான வேலை மிகக் குறைவு. ஒழுங்குமுறைக்குப் பாதி வெற்றி அங்கேயே கிடைத்துவிட்டது.

மற்ற முனைக்கு வருவோம். சிங்கப்பூரில் கசடின் கடைசி நிறுத்தம் எரியாலை. சாங்கியில் முதலில் வெப்பமூட்டி உலர்த்தும் வசதியும் இருக்கிறது. எரிக்கும் இடத்தில் புகைபோக்கிக்குக் காற்றுத் தூய்மை விதிகள் பொருந்தும். புதிய கழிவு எரியாலைகளில் டையாக்சின் எனும் நச்சுப்பொருள் ஒரு கனமீட்டர் புகையில் 0.1 நானோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. எரிப்பில் எளிதில் ஆவியாகிப் புகையோடு போகக்கூடிய பாதரசத்துக்கும் தனி வரம்பு உண்டு. சாம்பலைப் புதைக்கும்முன் கசிவுச் சோதனை செய்யவேண்டும். அமிலம் கலந்த நீரில் ஊறவைத்துக் குலுக்கி, எவ்வளவு ஈயம், எவ்வளவு காட்மியம் நீருக்குள் இறங்குகிறது என்று பார்ப்பது அந்தச் சோதனை. தேறினால் துவாஸ் படகுத்துறையிலிருந்து செமாக்காவுக்குப் பயணம். 1999 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தத் தளம் 350 ஹெக்டர். அதைச் சுற்றி 7 கிலோமீட்டர் பாறை அணை. அணைக்குள் நீர் புகாத விரிப்பும் கடற்களிமண்ணும். லோரோங் ஹாலுஸ் மூடப்பட்டபின் நாட்டுக்கு வேறு குப்பைத் தளமே இல்லை.

இந்த ஏற்பாட்டை அடியோடு மாற்றப்போவது, தொடக்கத்தில் சொன்ன கசடு எரிப்பு நிலையமும் அடங்கிய துவாஸ் நெக்சஸ். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் குப்பை எரியாலையும் அடுத்தடுத்து ஒரே வளாகத்தில் இருக்கும். கழிவுநீரைக் கொண்டுவரும் ஆழ்சுரங்கக் குழாயின் இரண்டாம் கட்டம் 40 கிலோமீட்டர். தோண்டும் பணி 2023ல் முடிந்தது. நிலையம் படிப்படியாக இயங்கத் தொடங்கியதும் உலு பாண்டானும் ஜூரோங்கும் விடைபெறும். உணவுக்கழிவையும் கசடையும் சேர்த்துச் செரிக்கவைத்தால் வாயு கூடுதலாக வரும் என்பதை உலு பாண்டானில் 2016ல் தொடங்கிய முன்னோட்டத் திட்டம் காட்டியது. கசடை மட்டும் செரிக்கவைப்பதைவிட மூன்று மடங்கு. அந்த வாயு பக்கத்து எரியாலைக்குப் போகும், எரியாலையின் மின்சாரம் இந்தப் பக்கம் வரும். செய்தித்தாள்கள் இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் பெரிதாக எழுதின.

கசடு ஒழுங்குமுறையில் அக்கறையுள்ளவர்கள் பார்க்கவேண்டியது வேறோர் எண். துவாஸ் நிலையத்தின் நாள் கொள்ளளவு 8 லட்சம் கனமீட்டர். அதில் வீட்டுக் கழிவுநீருக்கு 6.5 லட்சம், தொழிற்சாலைக் கழிவுநீருக்கு 1.5 லட்சம் என்று தனித்தனி வழி. இரண்டையும் கலக்காமல் வைப்பது நியூவாட்டரின் நலனுக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் கசடுக்கும் அது ஒரு வரம். உலோகம் அதிகமாக வரக்கூடிய நீர் தனிப் பாதையில் போனால், வீட்டுக் கழிவுநீரின் கசடு முன்பைவிடத் துப்புரவாக இருக்கும். அதைக் கடைசிவரை தனியாக வைத்திருப்பார்களா, இல்லை 800 டன்னும் ஒரே அடுப்புக்குள் போகுமா என்பதில்தான் எதிர்காலத்தில் அந்தச் சாம்பலுக்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பது அடங்கியிருக்கிறது.

இரு முனைக் காவல் போதாமல் போகும் இடங்கள் தெரியத் தொடங்கிவிட்டன. முதலாவது, பிஃபாஸ். இவை தொழிற்சாலையிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒட்டாத வாணலி, மழை அங்கி, எண்ணெய் ஊறாத உணவுத்தாள் என்று வீட்டிலிருந்தே குழாய்க்குள் போகின்றன. புளோக் புளோக்காகப் போய் வாணலியைச் சோதிக்க முடியாது. அதனால் பொருள் சந்தைக்கு வரும் இடத்திலேயே தடுக்கவேண்டியிருக்கிறது. குறிப்பிட்ட சில பிஃபாஸ் கலந்த தீயணைப்பு நுரைகளுக்கு 2026 ஜனவரி முதல் தடை என்று தேசிய சுற்றுப்புற வாரியம் எடுத்த முடிவு அந்த வழியில்தான் போகிறது. எரித்தால் தீர்ந்ததா என்றால், கழிவு எரியாலைகளில் வழக்கமான 850 டிகிரி அளவில் இவை முழுமையாகச் சிதைகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

இரண்டாவது, சாம்பலைப் பயன்படுத்துவது. குப்பைச் சாம்பலைக் கட்டுமானப் பொருளாக்கும் முயற்சிக்கு நியூசேண்ட் என்று பெயர். தானா மேரா கோஸ்ட் ரோட்டின் ஒரு பகுதியில் சாலையின் அடியடுக்காகப் போட்டுப் பார்த்தார்கள். கடல் சூழ்ந்த தளத்துக்குள் பூட்டிவைக்கும் சாம்பலுக்கு எழுதிய வரம்பு, நாளை மழைநீர் ஊறி நீர்த்தேக்கத்துக்கு வடியக்கூடிய சாலைக்குப் பொருந்தாது. நாட்டின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் மழைநீர் சேகரிக்கும் பரப்பு என்பதை நினைவில் வைத்தால் இதன் கனம் தெரியும். கசடுச் சாம்பல் இந்த வழியில் போகவேண்டுமானால் அதற்கென்று தனி வரையறை வேண்டும்.

மூன்றாவது கொஞ்சம் சங்கடமானது. கசடை உருவாக்கும் பொதுப் பயனீட்டுக் கழகமும், கசடின் புகையையும் சாம்பலையும் கண்காணிக்கும் தேசிய சுற்றுப்புற வாரியமும் ஒரே அமைச்சின்கீழ் இயங்குகின்றன. துவாசில் இரண்டும் ஒரே வளாகத்தில் பங்காளிகள். இதில் முறைகேடு இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. தனியார் ஒருவர் கொட்டினால் வாரியம் வழக்குப் போடும். அண்ணன் கசடைத் தம்பி சோதிக்கும்போது அந்த மாதிரி இழுபறி நடக்க வழியில்லை. ஆகவே சோதனை முடிவுகளை, உலோகம் உலோகமாக, பிஃபாஸ் உட்பட, காலாண்டுக்கு ஒருமுறை பொதுவில் வைப்பதே நல்ல காவல். குடிநீர்த் தர அறிக்கையை வெளியிடப் பழகிய கழகத்துக்கு இது பெரிய சுமையாக இருக்காது.

ஒழுங்குமுறை என்றதும் நாம் சாம்பலையும் புகையையும் பேசுகிறோம், தொட்டிக்குள் இறங்கும் ஆளை மறந்துவிடுகிறோம். 2024 மே 23 அன்று சுவா சூ காங் குடிநீர் ஆலையில் தொட்டி ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த, இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்த ஊழியர் ஒருவர் ஹைட்ரஜன் சல்ஃபைடு தாக்கி இறந்தார். அவரோடு இருந்த இருவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அது கழிவுநீர் நிலையம்கூட அல்ல. குடிநீரைச் சுத்திகரிக்கும்போது சேரும் கசடிலிருந்து வாயு கிளம்பியது என்று கழகம் தெரிவித்தது. அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான வேலையிடப் பாதுகாப்பு விதிமுறைகள் 2009லிருந்தே நடப்பில் இருக்கின்றன. அவற்றின் பாதுகாப்பு வட்டத்தை, 'அடைபட்ட இடம்' என்று பெயர் பெறாத தொட்டி ஓரங்களுக்கும் விரிக்கவேண்டியிருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் ஓடிவிடலாம் என்று நம்பி வேலை செய்பவர்கள் ஏராளம். செறிவு கூடியதும் இந்த வாயு முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். துவாசில் வேலைக்குச் செல்லும் நம் ஆட்களுக்குத் தமிழிலேயே சொல்லித்தரவேண்டிய பாடம் இது.

கசடை எரித்துப் புதைப்பதைத் தவிர வேறு யோசனையே இங்கே எழவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. வாளிக் கழிவறை முடிவுக்கு வந்த அதே 1987ல், டே ஜூ ஹுவா என்ற சிங்கப்பூர் ஆய்வாளர் கசடிலிருந்து செங்கல் செய்வது பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். களிமண்ணோடு உலர்கசடை 40 விழுக்காடுவரையும், கசடுச் சாம்பலை 50 விழுக்காடுவரையும் கலந்து சுடலாம் என்று காட்டினார். சாம்பல் கலந்த கல், கசடு கலந்த கல்லைவிட உறுதியாக இருந்தது. ஆனால் செங்கல்லைவிடக் காங்கிரீட்டை நம்பிய கட்டுமானத் துறைக்கு அது தேவைப்படவில்லை.

இன்று அந்தச் சாம்பலில் எல்லோரும் தேடுவது பாஸ்பரசை. தனியாக எரித்த கசடின் சாம்பலில் அது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்குவரை இருக்கலாம்; குப்பைச் சாம்பலோடு கலந்துவிட்டால் மீட்க முடியாதபடி நீர்த்துப்போகும். ஜெர்மனி 2017ல் விதியைத் திருத்தி, ஒரு லட்சம் பேருக்குமேல் சேவையாற்றும் நிலையங்கள் 2029 முதல் கசடிலிருந்தோ சாம்பலிலிருந்தோ பாஸ்பரசை மீட்டாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. உடனே மீட்க வசதி இல்லாதவர்கள் கசடுச் சாம்பலைத் தனியாகச் சேமித்துவைக்கலாம், வசதி வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். துவாசில் கசடுக்குத் தனி எரிகலன் வருகிறது. அதன் சாம்பலுக்கு செமாக்காவில் தனியாக ஓர் அறை ஒதுக்குவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். உரிமத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும், அதையும் முதல் படகு கிளம்புவதற்குமுன் சேர்க்கவேண்டும்.